வலப்பக்கம் இழுக்கும் வண்டி

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மாடி அறையின் தரை நடுங்கியது. மேசை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் சிறுசிறு வட்டமாகச் சுழித்தது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்பவள் இன்று கவனிக்கவில்லை. திரையில் அவர்கள் கேமுக்கு முதல் விமர்சனம் வந்திருந்தது. எந்த ஊர், யார் என்று தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். 'வண்டி வலப்பக்கமே இழுக்கிறது. விளையாட முடியவில்லை.'

"எவனோ சோம்பேறி அக்கா. கண்ட்ரோலரைக் கீழ போட்டு உடைச்சிருப்பான்" என்றான் தம்பி.

இரண்டாவது விமர்சனம் வந்தது. வண்டி தானாகப் போய்ப் பாறையில் முட்டுகிறது என்றது. மூன்றாவதும் அதையே சொன்னது. நான்காவதாக எழுதியவர் நக்கல்காரர். 'இதைச் செய்த புண்ணியவான்களுக்குச் சோற்றுக்கை எது, மற்றக் கை எது என்று யாராவது சொல்லிக்கொடுங்கள்.' இத்தனை பேரும் கண்ட்ரோலரைக் கீழே போட்டிருக்க முடியாது.

அந்த கேமில் ஒரு ஆள், ஒரு கைவண்டி, ஒரு மலைச்சாலை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறைச் சுவர். மூட்டை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு அந்த ஆள் மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். தம்பி படம் வரைந்தான், சத்தம் சேர்த்தான். அந்த ஆளையும் வண்டியையும் நகரவைத்த புரோகிராம் முழுக்க அவளுடையது. சின்ன வயதில் அப்பா இழுத்த வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் போனவள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சட்டையில் கோணி நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பிறகு ஆயத்த ஆடை ஃபாக்டரியில் நீராவித் தேய்ப்பு மேசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்பு. அங்கே மற்றவர்கள் செய்த கேம்களில் ஆட்கள் மலையைத் தூக்கிக்கொண்டு மான் மாதிரி ஓடினார்கள். பாரம் என்றால் என்ன என்று அவர்களுடைய கைக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி அசைக்கும்போது தோள்பட்டையில் ஒரு பிடுங்கல் வருமே, அதை விளையாடுகிறவன் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

முதலில் போனிலும் கம்ப்யூட்டரிலும் விட்டார்கள். காலையில் விட்டது சாயங்காலத்துக்குள் மற்ற கேம்களின் குவியலுக்கு அடியில் போய்விட்டது. தேடிப் பார்த்தால் அவர்களுக்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் ஒரு கன்சோல் கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். டிவியில் மாட்டி விளையாடும் அவர்களுடைய கன்சோல் பெட்டி விற்கவில்லை. விற்காததால் யாரும் அதற்கு கேம் செய்வதில்லை, கேம் இல்லாததால் யாரும் அதை வாங்குவதில்லை. வாலைப் பிடிக்கச் சுற்றும் நாய் மாதிரி கம்பெனி தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் கேமைப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுங்கள், எங்கள் ஸ்டோரின் முதல் பக்கத்தில் ஒரு வாரம் வைக்கிறோம் என்றார்கள். அரை வருடத்துக்கு வேறு எங்கேயும் விற்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது.

"போன்ல விட்டீங்க, நாதியில்ல. கம்ப்யூட்டர்ல விட்டீங்க, நாதியில்ல" என்றான் அவள் கணவன். கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவன். "இப்ப விக்காத பெட்டியில கொண்டுபோய் விடப் போறீங்களாக்கும். பஸ்ஸே வராத ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, லேட்டாவுதே லேட்டாவுதேன்னு புலம்புற மாதிரிதான் இது."

"மாமா, பெரிய சந்தையில நம்மள மிதிச்சுட்டுப் போறாங்க" என்றான் தம்பி. "இங்க கூட்டம் கம்மி. ஆனா இருக்கறவன் எல்லாம் பசியில இருக்கான். பெட்டியை வாங்கி வச்சுட்டு, விளையாட ஒண்ணுமில்லாம முழிச்சுட்டு இருக்கான். எதை வச்சாலும் சாப்பிடுவான்."

"எதை வச்சாலும் சாப்பிடறவன், உங்க சமையலை நல்லாருக்குன்னா சொல்லப் போறான்?"

"நல்லாருக்குன்னு சொல்ல வேணாம் மாமா. சாப்பிட்டா போதும்."

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் பட்டது. கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு ஒருநாள் கம்பிக்கட்டு சரிந்து கணவன் பாதத்தில் விழுந்தது. இப்போது அவன் கவிழ்த்த வாளியின் மேல் காலைத் தூக்கி வைத்து, நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். அவன் சண்டை போடுவதையும் விட்டுவிட்டான், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் விட்டுவந்த ஃபாக்டரியின் மேற்பார்வைக்காரி போன் செய்தாள். "தேய்ப்பு மேசை ஒண்ணு காலியாயிருக்கு. உனக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமை வர்றியா, இல்ல வேற ஆளைப் போடட்டுமா?" கேம் வெளிவரும் நாளன்று சொல்கிறேன் என்றிருந்தாள். போனால் இந்த அறைக்குத் திரும்ப மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். நாள் முழுக்க நீராவியில் வெந்த கை வீட்டுக்கு வந்து புரோகிராம் எழுதாது. சோறு பிசையவே யோசிக்கும்.

அந்த நாள்தான் இன்றைக்கு.

"நம்ம கிட்ட நேராத்தானே போகுது" என்றாள் தம்பியிடம். கம்பெனி சோதனைக்கென்று அனுப்பிய பெட்டியை ஓடவிட்டு, கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். வண்டி சாலை நடுவில், நூல் பிடித்த மாதிரி நின்றது. விரலை எடுத்தாள். அப்போதும் அப்படியே நின்றது. கம்பெனிக்காரர்களும் சோதித்துத்தான் வெளியே விட்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது கேம் பாதியில் நின்றுவிடுகிறதா, பெட்டியை முடக்குகிறதா என்பதைத்தான். வண்டி சுவரில் முட்டினால் அவர்களுக்கென்ன, அதுதான் விளையாட்டு என்று போயிருப்பார்கள்.

புரோகிராமில் ஓர் இடத்துக்குப் போனாள். பெட்டி வந்த புதிதில் அவளே எழுதிய இடம். கம்ப்யூட்டரில் நேராகப் போன வண்டி, பெட்டியில் போட்டதும் இடப்பக்கம் சாய்ந்தது. விரலே வைக்காவிட்டாலும் மெல்ல மெல்லப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு, பெட்டியைப் பற்றித்தான் ஊரே சொல்கிறதே, மட்டமான பெட்டி, கணக்கைக்கூட ஒழுங்காகப் போடாது போல என்று முடிவுகட்டி, வலப்பக்கம் ஒரு சின்னத் தள்ளு வைத்தாள். வண்டி நேரானது. பிறகு ஒவ்வொரு மேட்டிலும் பாரத்துக்குத் தகுந்தபடி அந்தத் தள்ளைக் கூட்டிக் குறைத்து, விரலாலேயே பதம் பார்த்துச் சேர்த்திருந்தாள்.

இப்போது கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, அதில் கட்டைவிரலால் தள்ளும் குமிழ் பெட்டிக்கு என்ன சொல்கிறது என்பதை எண்ணாகத் திரையில் வரவைத்தாள். யாரும் தொடவில்லை. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இல்லை.

"டேய்" என்றாள்.

தம்பி குனிந்து பார்த்தான். சோதனைப் பெட்டி புதிதல்ல. இந்தப் பெட்டியே வேண்டாம் என்று கைகழுவிய வேறொரு கேம் ஸ்டூடியோ திருப்பி அனுப்பியது. கண்ட்ரோலரும் அதோடு வந்ததுதான். குமிழின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அடியில் அது இடப்பக்கம் மயிரிழை சாய்ந்தே நின்றிருக்கிறது, இத்தனை நாளும். மற்ற கேம்கள் அவ்வளவு சின்னச் சாய்வைச் சட்டை செய்யாது. அவளுடைய வண்டி செய்யும். விரலின் மூச்சு பட்டால்கூட வண்டிக்குத் தெரிய வேண்டும் என்று அவள்தான் எழுதி வைத்திருந்தாள்.

"பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். "மட்டமான பெட்டின்னு ஊர் சொன்னதை நானும் நம்பிட்டேன்டா."

தம்பி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "வேற ஒரு கண்ட்ரோலர் இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்க்கா."

"எங்கடா இருக்கு வேற ஒண்ணு?"

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் குரல் ஏற்கெனவே அடிபட்டுக் கிடந்தது. "பார்த்தேன் மேடம். இந்தப் பெட்டி வச்சிருக்கறவங்க எல்லாம் ஒரே இடத்துலதான் கூடிப் பேசுவாங்க. ஒருத்தர் தும்மினா எல்லாருக்கும் கேட்டுடும். வாங்கினதுல பாதிப் பேர் காசைத் திருப்பிக் கேட்டுட்டாங்க." திருத்தியதை இன்றைக்கு ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்பினால், தெரிந்தவர் ஒருவரிடம் கெஞ்சி நாளைக்கே சோதிக்க வைக்கிறேன் என்றார். இல்லையென்றால் வரிசையில்தான் நிற்க வேண்டும், அதற்குள் முதல் பக்கத்தில் வேறு கேம் வந்துவிடும். "ஒரே தடவைதான் மேடம் கெஞ்ச முடியும். தப்பா அனுப்பிடாதீங்க. அடுத்த மாசம் எங்க டிப்பார்ட்மெண்ட் இருக்குமான்னே தெரியல. நான் யார்கிட்ட போய்க் கெஞ்சறதுன்னு எனக்கே தெரியல."

தள்ளை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு மேட்டையும் நல்ல குமிழில் விரல் வைத்துத்தான் பதம் பார்க்க வேண்டும். வேறு கண்ட்ரோலர் தேடி இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். முதல் கடையில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியவில்லை. அடுத்ததில், போன வருடமே எடுத்துப் போட்டுவிட்டோம் என்றார்கள். மூன்றாவது கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி, தூசி போர்த்திக்கொண்டு இருந்தது.

"கண்ட்ரோலர் மட்டும் குடுங்கண்ணே."

"அதை எவனோ ஆட்டையைப் போட்டுட்டான்மா. பெட்டியைத் தொடலை பாரு. திருடனுக்குக்கூட வேணாம்னு ஆயிடுச்சு" என்று கடைக்காரர் தானே சிரித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இந்தப் பெட்டியை நான் வித்தது ஒரே ஒருத்தருக்குத்தான். பின்னாடி தெருவுல கறிக்கடை வச்சிருக்காரு. புது கேம் வந்துச்சா, புது கேம் வந்துச்சான்னு வாரா வாரம் வந்து என் உயிரை எடுப்பாரு. போய்க் கேட்டுப் பாருங்க."

கறிக்கடை கழுவிச் சாத்தியிருந்தது. வாசலில் தண்ணீர் இன்னும் காயவில்லை. கொக்கிகள் வெறுமனே தொங்கின. பக்கவாட்டுச் சந்தில் வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளிருந்து மூட்டை சரியும் சத்தம் கேட்டது. தம்பி கோணியில் அரிசி நிரப்பிச் சிமெண்டுத் தரையில் போட்டுப் போட்டுப் பதிவு செய்த சத்தம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கறிக்கடைக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கனத்த மனிதர். கைகளில் சோப்பு வாசனை. இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. கண்ட்ரோலர் பார்க்க வேண்டும் என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னதும், பெட்டிக்கு இன்னொரு சொந்தக்காரன் கிடைத்துவிட்டான் என்று நினைத்து அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உங்ககிட்டயும் இருக்கா! வா தம்பி, உக்காரு. ஊருல நான் ஒருத்தன்தான் கிறுக்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

"இப்பவும் அப்படித்தான். கூட ரெண்டு பேரு, அவ்வளவுதான்" என்றாள் அவர் மனைவி, உள்ளே துணி மடித்தபடி. "எல்லாரும் வாங்கறதை வாங்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எல்லாரும் வாங்கறதை நான் ஏன் வாங்கணும்னு ஒரு கேள்வி. அந்தத் திமிருக்குத்தான் இந்தச் செத்த பெட்டி."

"சும்மா இரு. இன்னைக்கு ஒண்ணு வந்திருக்குல்ல."

"காலையிலிருந்து அதைத் திட்டிக்கிட்டே இருக்கறது யாரு?"

அவர் திரையைக் காட்டினார். வண்டி முதல் ஏற்றத்தில் நின்றது. அவர் குமிழிலிருந்து விரலை எடுத்தார். வண்டி முனகியபடி வலப்பக்கம் நகர்ந்து, சுவரில் தேய்ந்து நின்றது. "பார்த்தியா? நான் தொடவேயில்ல. தானா போய் முட்டுது. இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, கொக்கியில மாட்டிடுவேன்." பிறகு விரலை வைத்து இடப்பக்கம் அழுத்தினார். நகம் வெளுத்தது. வண்டி நேரானது. அப்படியே அழுத்திப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, வளைவு வளைவாக ஏறினார். கம்பெனிக்காரர் யாரும் போகாத, தம்பியே இரண்டு மூன்று தடவைதான் போயிருக்கிற மேட்டுக்கு அவர் போய்விட்டார். பிளாஸ்திரிக்குக் கீழே தோல் உரிந்திருக்க வேண்டும். நடுவில் விரலை உதறிக்கொண்டார்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன்ணே விளையாடறீங்க?" என்றாள்.

அவர் திரும்பினார். அவளைக் கிண்டலாகப் பார்ப்பது போல இருந்தது. "வேற என்னம்மா இருக்கு இதுல விளையாட?"

அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணவன் சொன்னது சரி, தம்பி சொன்னதும் சரி. சாப்பிடுகிறார், நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

"நாங்கதாண்ணே செஞ்சோம்" என்றாள்.

உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றது. தம்பி கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டான். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவள் தேய்ந்த குமிழைப் பற்றிச் சொன்னாள், பெட்டியைத் தப்பாக நினைத்ததைச் சொன்னாள், ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்ப வேண்டும் என்றாள். திங்கட்கிழமை தேய்ப்பு மேசைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதையும் ஏனோ சொல்லிவிட்டாள். "கண்ட்ரோலரை ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா போதும்ணே. கொண்டுவந்து குடுத்துடறேன்."

"குடுக்க மாட்டேன்" என்றார் அவர்.

"அண்ணே..."

"இது போச்சுன்னா எனக்கு எவன் தருவான்? கடையில கேட்டியே, இருந்துச்சா?" கண்ட்ரோலரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், யாரோ பிடுங்க வருகிற மாதிரி. பிறகு காலால் தரையில் இடம் ஒதுக்கினார். "உன் சாமான் செட்டையெல்லாம் இங்க எடுத்துட்டு வா. என் கண்ணு முன்னாடி பண்ணு."

தம்பி ஓடினான். பெட்டியும் லேப்டாப்பும் வந்தன. அவள் அந்த வீட்டின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தள்ளை எடுத்தாள். அவருடைய கண்ட்ரோலரை, அவர் கண்ணெதிரே, சோதனைப் பெட்டியில் இணைத்தாள். முதல் மேடு. இரண்டாவது மேடு. மூட்டை நனைந்து கனக்கும் மழை மேடு. நல்ல குமிழ் இப்படி இருக்கும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விரலுக்கு அடியில் அது நடுவில் வந்து சொடுக்கென்று நின்றது. அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி அவள் விரலை எடுத்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. தேய்ந்த குமிழ் இல்லாமல், தள்ளு இல்லாமல், தன் பாரத்தில் தானே நின்றது. இவ்வளவு நாளில் அவள் செய்ய நினைத்த வண்டி இதுதான்.

போன் அடித்தது. கம்பெனிக்காரர். "மேடம், அனுப்பறீங்களா? லைட்டை அணைச்சுட்டு இருக்காங்க."

"ஒரே நிமிஷம். ஒருத்தரை விளையாட வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடறேன்."

கண்ட்ரோலரைக் கறிக்கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். திரையில் வண்டி முதல் ஏற்றத்தின் அடியில், நேராக, அவருக்காகக் காத்திருந்தது. அவர் விரலை வைத்தார். வண்டி கிளம்பிய வேகத்திலேயே இடப்பக்கம் திரும்பி, விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

"ஐயோ" என்றாள் அவர் மனைவி.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி இடப்பக்கம். பிளாஸ்திரி சுற்றிய விரல் தொட்ட உடனே அந்தப் பக்கமே போய் அழுத்தியது.

"கையைத் தளர்த்தியா விடுங்கண்ணே" என்றான் தம்பி. "இப்ப அது தானா நேரா நிக்கும். நீங்க பிடிக்க வேணாம்."

"தெரியுதுப்பா. தெரியுது. விரல் கேக்க மாட்டேங்குது." அவர் குரலில் கோபம் இல்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் போய்விட்டார்கள், வண்டி நேராகிவிட்டது என்று சொன்னாலும் வந்து பார்க்கப் போவதில்லை. போகாமல் மிச்சம் இருப்பவர்கள், இந்நேரம் எங்கெங்கோ, இதே மாதிரி தரையில் உட்கார்ந்து, நகம் வெளுக்க இடப்பக்கம் அழுத்திக்கொண்டு எத்தனை வளைவு ஏறியிருப்பார்களோ. திருத்தியதை அனுப்பினால் அவர்கள் வண்டியும் இப்படித்தான் பள்ளத்தில் விழும்.

"மேடம்? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

அவள் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. அனுப்பும் பொத்தான் மேல் விரல் இருந்தது. கறிக்கடைக்காரர் பிளாஸ்திரியைப் பல்லால் கடித்து இழுத்துப் பிய்த்துப் போட்டார். சிவந்து தோல் உரிந்த கட்டைவிரலை ஒருமுறை ஊதிக்கொண்டு, மறுபடி குமிழின் மேல் வைத்தார். திரையில் அந்த ஆள் குனிந்து வண்டியின் ஏர்க்காலைப் பிடித்தான். சக்கரம் அரை அடி முன்னால் உருண்டு, இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.